வெளியூர்ச் சரக்கு

என் கல்யாணத்தை முடித்து வைத்தவள் ஒரு கருவாட்டுக்காரி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. என் மனைவி கும்சில்தான் இதை வைத்தே இத்தனை வருடமாக என்னை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். "எங்கம்மா நெத்திலி வாங்குனா, அக்கா இவரைக் கொசுறாப் போட்டுட்டுப் போயிட்டா" என்று பெண்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் சொல்லுவாள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

அந்த அக்காவின் பெயர் என்னவென்று எங்கள் மலையூரான சோல்கோலில் யாருக்கும் தெரியாது. மோல்கே என்ற கடற்கரை ஊரிலிருந்து வருபவள், அதனால் மோல்கேக்காரி. சின்ன வயதிலேயே புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு கூடையை வைத்துக்கொண்டே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். டவுனில் ஐந்து நாளுக்கு ஒருமுறை சந்தை கூடும். அதற்கு மறுநாள் எங்கள் ஊருக்கு வருவாள். முதலில் தலையில் கூடையோடு மலை தாண்டி நடந்து வந்தாள். பிறகு சக்கரம் வைத்த வண்டியோடு பஸ்ஸில் வந்தாள். ஊர் நடுவில் இருக்கிற உரக் கிட்டங்கியின் தாழ்வாரம்தான் அவள் கடை. நெத்திலி, காய்ந்த வாளை, கடற்பாசி, உப்பில் ஊறிய பொடி இறால் எல்லாம் அங்கே விரியும்.

விலையில் ஒரு காசு குறைக்க மாட்டாள். ஆனால் எடை போட்டு முடித்தபின் ஒரு கை அள்ளி மேலே போடாமல் யாரையும் அனுப்பியதும் கிடையாது. அதையும் சும்மா போட மாட்டாள். "இது ஒம் பேரனுக்கு" என்பாள். "இது ஒம் மாமியா கண்ணுல படாம நீ திங்கறதுக்கு" என்பாள். மாமியார் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்.

கும்சிலின் ஊர் மலைக்கு அந்தப் பக்கம். அங்கேயும் இவள்தான் கருவாடு விற்றாள். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக உழவு மாடு இருக்கிறது என்று சொல்லிக் கல்யாணத்தை முடித்துவிட்டாள். மாடு என் சித்தப்பாவுடையது. கல்யாணமான பத்தாம் நாளே விஷயம் வெளியே வந்தது. அடுத்த முறை அவள் வந்ததும் கும்சில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனாள்.

"எங்கக்கா அந்த மாடு?"

"மாடு சித்தப்பனோடதுதான். ஓட்டுறவன் இவன்தானே?" என்றாள் மோல்கேக்காரி, தராசைத் துடைத்துக்கொண்டே. "மாடு சீக்கிரம் கெழடாயிரும்டி. இவன் கொஞ்சம் மெதுவா ஆவான்."

அன்றிலிருந்து அவர்கள் அக்கா தங்கை. அவள் வந்து ராத்தங்குகிற நாளில் என் படுக்கை மாட்டுக் கொட்டகைப் பக்கத்து அறைக்குப் போய்விடும். எங்கள் முதல் பிள்ளை தங்காமல் போனபோது, அடுத்த ஊர்களுக்குப் போகாமல் கூடையை எங்கள் வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு, பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கிற கடற்பாசி சூப் காய்ச்சிக் கும்சிலுக்கு ஊட்டிவிட்டவள் அவள். சொந்தத்தில் யாரும் அப்படிச் செய்யவில்லை.

பிறகு எங்கள் ஊருக்கு காபி கடை வந்தது. உரக் கிட்டங்கி சும்மா கிடக்கிறதே என்று, பெண்கள் சங்கம் அதை வாங்கிச் சுவரை இடித்துக் கண்ணாடி போட்டது. வீட்டுக்கு வீடு பணம் போட்டார்கள், அரசாங்கமும் கொஞ்சம் கொடுத்தது. ஊரே முதலாளி என்றார்கள். அப்படியென்றால் வேலைக்காரன் யார் என்று நான் கேட்டேன். என்னைத்தான் பெஞ்சு தூக்கச் சொன்னார்கள். சனிக்கிழமைதோறும் கடை வாசலில் சந்தை. கண்காணாத நகரங்களிலிருந்து காரில் வந்து எங்கள் மிளகாயையும் எள்ளையும் போட்டோ எடுத்துக்கொண்டு, கொஞ்சம் வாங்கிக்கொண்டும் போனார்கள்.

சங்கத்துக்குக் கும்சில்தான் தலைவி. அதுவரை அவள் சங்பேயின் பெண்டாட்டி, அதாவது என் பெண்டாட்டி. இல்லையென்றால் மகன் பெயரைச் சொல்லி அவன் அம்மா. முதல் முறையாக அவளைத் தலைவரம்மா என்று கூப்பிட்டார்கள். அறுபது வயதுக்கு மேல் கிடைத்த பேர். காபி மிஷினை அவள் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும்.

சந்தை சூடு பிடித்ததும் அவள்தான் மோல்கேக்காரியிடம் சொன்னாள். "அக்கா, இனிமே நீ சனிக்கிழமையே வா. கார்ல வர்றவங்க ஒன் நெத்திலியப் பாத்தா விடமாட்டாங்க." அக்காவும் சரி என்றாள். அதற்காக மற்ற இரண்டு ஊர்களுக்குப் போகிற நாளையே விட்டுவிட்டாள்.

இடையில் ஒரு லாரிக்காரன் வந்தான். எங்கிருந்தோ மலிவாகப் பூண்டு கொண்டுவந்து, சோல்கோல் பூண்டு என்று எங்கள் வாசலிலேயே விற்றான். வாங்கிப் போனவர்கள் இண்டர்நெட்டில் காறித் துப்பினார்கள். சங்கம் கூடியது. இந்த ஊரில் விளையாத எதையும் சந்தையில் வைக்கக் கூடாது என்று கும்சில் வாசித்தாள், எல்லாரும் கை தூக்கினார்கள். எல்லார் மனதிலும் இருந்தது பூண்டு. எங்கள் ஊரில் கடல் இல்லை, அதனால் கருவாடு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மோல்கேக்காரி வந்தாள். எப்போதும் போலத் தாழ்வாரத்தில், அதாவது இப்போது கண்ணாடிக் கதவு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சாக்கை விரித்தாள். பெண்கள் சங்கமானாலும் கணக்கு வழக்குக்காகச் சேர்த்துக்கொண்ட கியுமின், சியோலில் வேலையை விட்டுவிட்டு விவசாயம் பார்க்கத் திரும்பிய பையன், கும்சில் காதருகே போனான்.

"தலைவரம்மா, ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. பூண்டு லாரிய இப்பத்தான் வெரட்டுனோம். அவன் பாத்தா சும்மா இருப்பானா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. கும்சில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். நான் மிளகாய் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன், எல்லாமே காதில் விழுந்தது.

"அக்கா, இங்க இனிமே வெளியூர்ச் சரக்கு வைக்கக் கூடாதுன்னு ஆயிருச்சுக்கா."

"வெளியூர்ச் சரக்கா?" அவள் சிரித்தாள். "ஏன்டி, ஒங்க ஊர்ல நெத்திலி எந்த வயல்ல காய்க்குது?"

"நான் சொல்லலக்கா. சங்கம் சொல்லுது."

"சங்கத்துக்கு யாருடி தலைவி?"

 சுற்றிலும் கார்க்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கும்சிலுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கஷ்டத்தில் சட்டென்று ஒரு வழி தோன்றியது, அதையே பெரிய உபகாரம் என்று நினைத்துவிட்டாள்.

"ஒண்ணு பண்ணுக்கா. எல்லாத்தையும் நானே வாங்கிக்கறேன். எடைய போடு. நீ இங்க வெயில்ல காயவும் வேணாம்."

 மோல்கேக்காரி தராசை எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்தாள். நெத்திலித் தட்டு கொஞ்சம் தாழ்ந்தபோது, இரண்டு மீனை எடுத்து வெளியே வைத்தாள். முள் நடுவில் நின்றது. பணத்தை வாங்கிச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் வண்டியை உருட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

கும்சில் உள்ளே வந்தபோது நிம்மதியாக இருந்தாள். "சந்தோஷமாத்தான் போறா. உக்காந்த எடத்துல கூடை காலி."

"கொசுறு போட்டாளா?" என்று கேட்டேன்.

 வியாபாரியைப் பிச்சைக்காரியாக்கி அனுப்பிவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். பஸ் போய்விட்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் நெத்திலியைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. காலையில் நெத்திலி, மாலையில் நெத்திலி. ஒருநாள் வாய் தவறி, போதுமே என்று சொல்லிவிட்டேன். கும்சில் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். குளிர்காலத்துக்குக் கோஸ் ஊறுகாயான கிம்ச்சி போடுகிற நாள் வந்தபோது, அதில் சேர்க்க டவுன் கடையில் பாட்டிலில் அடைத்த உப்பு இறாலை வாங்கினோம். ஊர்ப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து கோஸுக்கு மசாலா தடவினார்கள். மோல்கேக்காரியின் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் கும்சிலுக்கு வலிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

குளிர்காலம் முடிவதற்குள் கும்சில் சங்கத்தைக் கூட்டினாள். காபி கடை வருவதற்கு முன்பிருந்தே ஊருக்கு வந்து விற்றவர்கள் சந்தையில் விற்கலாம் என்று விதியை மாற்றச் சொன்னாள். கியுமின் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அவ இந்தத் தாழ்வாரத்துல உக்காந்தவடா" என்றாள். "ஒனக்கு மொதப் பல்லு மொளைச்சப்போ நீ கடிச்சதே அவ குடுத்த வாளைத் துண்டுதான். கைய தூக்கு."

தூக்கினான். விதி மாறிவிட்டது, ஆனால் அதை மோல்கேக்காரிக்கு எப்படிச் சொல்வது? இத்தனை வருடத்தில் அவள் போன் நம்பரை யாரும் கேட்டதில்லை. அவள்தான் தானாக வந்துவிடுவாளே. மோல்கே வரை வண்டியை எடுக்கட்டுமா என்று நான் கேட்டேன்.

"வேணாம். கோவம் ஆறட்டும். அவளே வருவா" என்றாள் கும்சில். அக்காவின் கோபம் ஆறத்தான் காத்திருந்தாள் என்று நான் நம்பவில்லை. எதிரில் போய் நிற்கப் பயந்தாள். அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். இப்போதும் அதை நினைத்தால் எனக்கு மனம் கேட்காது.

வசந்தத்தில் டவுன் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கடற்கரைக் கிராமம் ஒன்றில் பெண்கள் காபி கடை தொடங்கப் போகிறார்களாம், எங்கள் கடையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வருகிறார்களாம். எந்த ஊர் என்று கேட்டு, மோல்கே என்றதும் கும்சில் போனை வைக்கவே மறந்துவிட்டாள். அன்று முதல் அவள் கால் தரையில் பாவவில்லை. தாழ்வாரத்திலிருந்த பூந்தொட்டிகளை நகர்த்தி அந்த இடத்தைக் கழுவிவிட்டாள்.

"வந்ததும் நல்லா கிழிப்பா பாருங்க" என்றாள் என்னிடம். "கிழிக்கட்டும். எல்லாத்தையும் வாங்கிக்கறேன்."

சுற்றுலா பஸ் வந்தது. வண்ண வண்ணச் சட்டை போட்ட பெண்கள் இறங்கினார்கள். நடுவில் மோல்கேக்காரி இறங்கினாள். முடியைச் சுருள் வைத்துக்கொண்டு, ஊதா நிறச் சட்டை போட்டிருந்தாள். தலையிலும் கையிலும் சுமை இல்லாமல் அவள் எங்கள் ஊரில் வந்து இறங்கியது அதுதான் முதல் முறை. கும்சில் ஓடினாள்.

"அக்கா."

மோல்கேக்காரி நின்று, இடுப்பை வளைத்து, பெரிய மனிதர்களுக்குச் செய்வது போலக் குனிந்து வணங்கினாள்.

"வணக்கங்க தலைவரம்மா. ஒங்க கடையப் பத்தி நெறைய கேள்விப்பட்டோம். பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

கட்டிக்கொள்ள நீட்டிய கும்சிலின் கை பாதியில் நின்றது. மற்றப் பெண்கள் ஒன்றும் புரியாமல் அவர்களும் குனிந்தார்கள்.

எல்லாரையும் உட்காரவைத்துக் கடை வந்த கதையைக் கும்சில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். நூறு தடவை சொன்ன கதைதான், அன்றைக்கு இடையிடையே தடுமாறியது. காபி கொடுத்தபோது, அக்காவுக்கு மட்டும் பால் சர்க்கரை சேர்ந்த காபிப் பொடி இரண்டு பாக்கெட் போட்டு, அவளுக்குப் பிடித்த மாதிரி இனிப்புக் காபி கலந்துகொண்டு போனாள்.

"எல்லாருக்கும் குடுக்கறதையே குடுங்க" என்றாள் மோல்கேக்காரி. கசப்புக் காபியை வாங்கிக் கடைசி மடக்கு வரை குடித்தாள்.

அப்போது ஒரு இளம்பெண் கை தூக்கினாள். "ஒங்க சந்தையில வெளியூர்க்காரங்களும் விக்கலாங்களா?"

கும்சில் அக்காவைப் பார்த்தாள். இதற்காகத்தான் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தாள்.

"முன்னாடி கூடாதுன்னு வெச்சிருந்தோம். அது தப்பு. ரொம்பப் பெரிய தப்பு." அவள் தாழ்வாரத்தைக் கையால் காட்டினாள். "இப்ப மாத்திட்டோம். ரொம்ப வருஷமா வந்தவங்களுக்கு இந்த வாசல்லயே எடம் வெச்சிருக்கோம். எப்ப வேணும்னாலும் வரலாம்."

மோல்கேக்காரி கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"தப்பு ஒண்ணுமில்லீங்க" என்றாள், கோபமே இல்லாமல். "ஒங்ககிட்டப் பாத்துத்தான் நாங்களும் அதே விதிய போட்டிருக்கோம். எங்க சந்தையில எங்க ஊரு மீனு மட்டுந்தான். நானும் அங்கதான் விக்கப் போறேன். இந்த வயசுல கூடையத் தூக்கிட்டு ஊரூராப் போவ வேணாம் பாருங்க." பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள். "நம்ம கடை தொறந்ததும் தலைவரம்மாவையும் கூப்பிடுவோம். வந்து பாத்துட்டுப் போகட்டும்."

எல்லாரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். கும்சிலை நடுவில் நிறுத்தினார்கள். மோல்கேக்காரி ஓரத்தில் நின்றாள். பஸ் கிளம்பும்போது கும்சில் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். மோல்கேக்காரி உள்ளேயிருந்து இன்னொரு முறை தலை குனிந்து வணங்கினாள்.

திரும்பி வந்து கும்சில் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்று துடைத்தேன். 

"அவங்க கடை தொறந்ததும் போவோம்" என்றேன். "நான் கூட்டிட்டுப் போறேன்."

"போயி?"

"அக்காகிட்டப் பேசு. மன்னிப்புக் கேளு."

"கேட்டா குடுத்துருவாங்க. தலைவரம்மா கேட்டு இல்லன்னு சொல்லுவாங்களா?" அவள் அக்காவை ங்க போட்டுப் பேசி நான் கேட்டது அன்றுதான். குழாயை மூடினாள். "வந்து நாலு திட்டு திட்டியிருந்தா காலப் புடிச்சிருப்பேன். மரியாதை குடுத்துட்டுப் போயிட்டாளே, அத வெச்சு நான் என்ன பண்ணுவேன்?"