அப்பாவுக்கு யாரும் சொல்லாதது

எண்பதுகளின் நடுவில், எங்கள் குருவிநத்தத்தில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம். சாராயத்தால் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, அப்பா புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். தாத்தாவும் சித்தப்பாவும் அதே சாராயத்தில்தான் போனார்கள். நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனாலும் ஊரில், "இவன் எத்தினி நாளைக்கு?" என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அங்கே குடிப்பவர்களின் பிள்ளைகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டரம்மா ஒருவர், என்னை ஒரு சோதனைக்கு வரச் சொன்னார். தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். காதில் ஒரே மாதிரி சத்தம் வந்துகொண்டிருக்கும். நடுவில் வேறு சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை. பாஸாகிவிட்டோம் என்று நினைத்தேன்.

ரிசல்ட் என்னவென்று விடாமல் கேட்டதால் அவர் சொன்னார்.

"வேற சத்தம் வந்ததும் மூளையில ஒரு அலை எழும்பும். உங்களுக்கு அது தாழ்வா இருக்கு. குடிக்கிறவங்க பிள்ளைங்க சில பேருக்கு, குடியைத் தொடறதுக்கு முன்னாடியே இப்படி இருக்கு. அதனால நீங்க குடிகாரர் ஆயிடுவீங்கன்னு அர்த்தமில்ல. ஆனா தொட்டா, விடறது மத்தவங்களைவிடக் கஷ்டமா இருக்கலாம்."

அப்பாவின் கட்டிலுக்கு வந்தேன்.

"இன்னாடா சொன்னாங்க?" என்றார்.

மறைக்கத் தோன்றவில்லை. சொன்னேன். அப்பா கையூன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "அப்போ எனக்கும் அப்டிதான் இருந்திருக்குமாடா?" என்று கேட்டார். வாழ்நாள் முழுக்க மானங்கெட்டவன் என்று பேர் வாங்கிய மனிதர். அவர் கண் நிறைந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"எனக்கு யாரும் சொல்லலபா. உனுக்கு சொல்லிட்டாங்க" என்றார்.

அடுத்த வாரமே போய்விட்டார். சாவு வீட்டில் பறை முழங்க, பந்தலுக்குப் பின்னால் மாமா என்னிடம் கிளாஸை நீட்டினார்.

"ஒரு வாய் ஊத்திக்கடா. துக்கம் தாங்கும்."

"வேணாம் மாமா. எனக்கு ஒத்துக்காது."

"குடிக்காமலே எப்டிடா தெரியும்?"

"தெரியும் மாமா."

அவர் கையைத் தள்ளிவிட்டுத் தீச்சட்டியைத் தூக்கிக்கொண்டு பாடைக்கு முன்னால் நடந்தேன். அப்புறம் எத்தனையோ கல்யாணம், எத்தனையோ தேர்தல், கிளாஸ்கள் நீண்டுகொண்டே இருந்தன. நான் தொடவில்லை. என் மகன்களுக்கு மீசை முளைக்கும் முன்பே எல்லாவற்றையும் உட்கார வைத்துச் சொன்னேன், அவர்களும் தொடவில்லை.

மன உறுதிக்காரன் என்று யாராவது என்னைப் புகழ்ந்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது; அப்பாவைவிட நான் நல்லவனில்லை, வழியில் பள்ளம் இருக்கிறது என்று எனக்கு ஒருவர் முன்கூட்டியே சொன்னார், அவ்வளவுதான்.