"எல்லாமே கவர் ஆகும், சிஸ்டர்"

இன்னைக்கு இங்க அமெரிக்காவுல, ஃப்ரீமான்ட் இந்தியன் ஸ்டோர்ல என் ஃப்ரெண்ட் சாதிக்கும் அவன் மனைவி நஸ்ரினும் நானும் சாமான் வாங்கிட்டு இருந்தோம். டை கட்டின ஒருத்தர் பக்கத்துல வந்து, "நீங்க தமிழா?" என்றார்.

இந்தக் கேள்விக்கு அப்புறம் யாரும் எதையாவது விக்கப் பார்க்காம போனதில்லை.

சாதிக் வெள்ளந்தி. போன வாரம்தான் வேலை போச்சுன்னு அவர்கிட்ட சொல்லிட்டான்.

"அடடா! பழைய கம்பெனி ஹெல்த் இன்சூரன்ஸைக் கைக்காசு போட்டுத் தொடராதீங்க பிரதர், கட்டுப்படி ஆகாது. என்கிட்ட சூப்பர் பிளான் இருக்கு. இங்கயே சைன் பண்ணிடலாம்."

சாதிக் என் முகத்தைப் பார்த்தான். நான் வேண்டாம்னு தலையாட்டினேன். அதுக்குள்ள பேனா அவன் கைக்கு வந்துடுச்சு.

நஸ்ரின் மெதுவா கேட்டாள். "டெலிவரி கவர் ஆகுமா?"

"எல்லாமே கவர் ஆகும், சிஸ்டர்."

அவள் பெரிய ஜாக்கெட்டோட ஜிப்பை இறக்கினாள். "எனக்கு இப்ப அஞ்சாம் மாசம்."

அவர் முகம் மாறிடுச்சு. "அது வந்து... ஏற்கனவே இருக்கிற கண்டிஷன் ஆயிடுமே. அதுக்கு இந்த பிளான்ல பணம் வராது."

"என் புள்ள உங்களுக்குக் கண்டிஷனா?"

சாதிக் பேனாவைத் திருப்பிக் கொடுத்துட்டு, கடை வாசல்ல நின்னே பழைய ஆபீஸுக்கு போன் பண்ணினான். எவ்வளவு ஆனாலும் அந்த இன்சூரன்ஸையே தொடர்றதுன்னு முடிவு. நஸ்ரினுக்கு அப்புறம்தான் மூச்சே வந்துச்சு.

நான் பில் போட நின்னப்போ அவர் மறுபடியும் வந்தார். கையில கார்டு.

"சார், நீங்க நல்ல ஆரோக்கியமாதானே இருக்கீங்க?"

இதுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது? நீங்களே சொல்லுங்க மக்களே.