மெர்வ் வாயில் வந்த ‘அருமை’

மெர்வ் டிரெகியரை எனக்குப் பிடிக்காது. என் அக்கா டோரீனைக் கட்டிக்கொண்டு போனவன் என்பதைத் தவிர அவனுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். இவன் மட்டும் சிட்னிக்கு வெகுதூரத்தில் இருக்கும் எங்கள் வில்காரா நகராட்சியில் மண்சாலையைச் சமப்படுத்தும் வண்டியை ஓட்டிக்கொண்டு, ஊரெல்லாம் செம்புழுதியைக் கிளப்பிக்கொண்டு, குத்துக்கல் மாதிரி இருக்கிறான்.

நல்ல வார்த்தை அவன் வாயில் வராது. கல்யாணத்தன்று வெள்ளை உடையில் வந்து நின்ற என் அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மோசமில்ல” என்றான். அவள் பூரித்துப் போனாள். எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. வறட்சி முடிந்து மழை கொட்டினாலும் மோசமில்லை, பிள்ளை பிறந்தாலும் மோசமில்லை. யாராவது “அருமை” என்று சொன்னால்தான் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். லாரி குடைசாய்ந்தால் அருமை. நான் சுட்ட கேக் கருகினால் அருமை. அந்தக் கேக்கை இருபது பேர் முன்னால் அப்படிச் சொன்னவனும் இவன்தான்.

சினிமாப் பைத்தியம் வேறு. நகர மண்டபத்தில் சனிக்கிழமை போடுகிற படம் ஒன்றையும் விடமாட்டான். சிட்னிக்காரர்கள் பார்த்து மறந்த பிறகுதான் எங்களுக்குப் படம் வரும். அதனால் எங்கள் திரையில் எந்த வருஷம் ஓடியதோ அதுதான் அந்தப் படத்தின் வருஷம் என்பது அவன் சட்டம். “அது போன வருஷப் படமாச்சே” என்று யாராவது வாயைத் திறந்தால் கடித்துக் குதறிவிடுவான்.

அமெரிக்காவில் ஞாயிறு சாயங்காலம் சினிமா விருது கொடுக்கும்போது எங்களுக்குத் திங்கட்கிழமை மதியம். அன்றைக்கு ஊரில் பாதிப் பேருக்கு வயிற்றுவலி வந்துவிடும். வேலையிடத்துக்குப் போன் போட்டு முனகிவிட்டு, நேராகக் கிளப்புக்கு வந்துவிடுவார்கள். மேலதிகாரியும் வயிற்றுவலியோடு அங்கேதான் உட்கார்ந்திருப்பார். தொலைக்காட்சியின் சத்தத்தை அணைத்துவிட்டு, மெர்வ் எழுந்து தன்னுடைய விருதுகளை அறிவிப்பான். அவனுடைய உச்ச விருதின் பெயரே ‘மோசமில்லை’. பல வருஷம் அது யாருக்கும் கிடைக்காது. நான் அங்கே பீர் ஊற்றுகிறவள். காதைப் பொத்திக்கொள்ள முடியாது.

இந்த வருஷம் எனக்கும் பதைப்பாக இருந்தது. அவன் மகள் ரொவீனா சிட்னியில் நாடகம் நாடகமாக அலைந்தவள், முதல்முறையாக ஒரு படத்தில் நடித்திருந்தாள். குளிர்காலத்தில் அந்தப் படம் எங்கள் மண்டபத்துக்கு வந்தது. அப்பன்காரன் பார்த்தான். பார்த்தவன் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் போன் செய்யும்போதெல்லாம் மழையைப் பற்றியே பேசினான். விருது நாளன்று காலை அவள் வண்டியை ஓட்டிக்கொண்டு நேரே கிளப்பில் வந்து இறங்கினாள்.

“சித்தி, இன்னைக்கும் அப்பா வாயத் தொறக்கலன்னா, இனிமே இந்தப் பக்கம் தலவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்.”

“அந்த ஆளுகிட்டயா? கல்லுல நார் உரிக்கப் பாக்குறியே” என்று அவளுக்கு ஒரு பீர் ஊற்றிக் கொடுத்தேன்.

மெர்வ் எழுந்தான். மகள் பக்கம் திரும்பவே இல்லை.

“மொதல் விருது, சாகத் தெரியாத நடிகருக்கு. நெஞ்சுல குண்டு பாஞ்சப்புறமும் பொண்டாட்டிக்குப் புத்தி சொல்லிட்டு நின்னானே, அந்தக் குதிரைக்காரன். அவன் செத்து முடிக்கறதுக்குள்ள என் பீர் சூடாயிருச்சு.”

“யோவ், நீ குடுத்து முடிக்கறதுக்குள்ள எங்க பீரும் சூடாயிருச்சு!” என்றான் இறைச்சிக்கடை நார்ம்.

“நீ விக்கிற சாசேஜுக்கும் ஒரு விருது வச்சிருக்கேன், பொறு. அடுத்தது வாழ்நாள் சாதனை. நம்ம பக்கத்து வெயிலப் படமெடுக்கறேன்னு வந்து, படம் பூரா ஒரு ஈகூட இல்லாம எடுத்த சிட்னி டைரக்டருக்கு. அந்த ஆளு தன் வாழ்நாள்ல வீட்ட விட்டு வெளிய வந்ததே இல்ல.”

கிளப்பே கைதட்டியது. எங்கள் ஊரில் ஈயை விழுங்காமல் ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாது.

“கடைசியா,” என்றவன் தொண்டையைச் செருமினான். “எங்க பொண்ணு நடிச்ச படம்.” எல்லாரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள். “ரொவீனா அதுல பண்ணினது… அருமை.”

சிரிப்பில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. “பெத்த பொண்ணையுமாடா, பாவி!” என்று நார்ம் மேசையைக் குத்தினான். ரொவீனாவும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நான் துணியை எறிந்துவிட்டு அவன்மேல் பாய்ந்தேன். “மனுசனாய்யா நீ? அக்கா இருந்திருந்தா செருப்பாலயே அடிச்சிருப்பா!”

“நெஜமாத்தான் சொன்னேன், கோரல்.” முகம் வெளுத்திருந்தது.

“என்ன நெஜம்?”

அவன் தொலைக்காட்சியைக் காட்டினான். சத்தமில்லாத திரையில் யாரோ இரண்டு பேர் கட்டிப்பிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். “அவங்கல்லாம் அப்படித்தானே சொல்லிக்கறாங்க? அருமை, அற்புதம்னு. இவளும் அவங்க கூட்டத்துல ஒரு ஆளாயிட்டா. நம்ம ஊர் வார்த்தை அவளுக்குப் பத்தாதுன்னு நெனச்சேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆள் ஆயுசிலேயே முதல்முறையாகத் தாராளமாக ஒரு வார்த்தையை எடுத்திருக்கிறான், அதையும் தப்பாக எடுத்துத் தொலைத்திருக்கிறான்.

“எங்கிட்ட ஏன்யா சொல்ற? வண்டியக் கெளப்பறா பாரு, ஓடு!” முதுகில் கைவைத்துத் தள்ளினேன். அவன் சரியாகப் போவானோ மாட்டானோ என்று நானும் பின்னாலேயே போனேன்.

வண்டி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. மெர்வ் குறுக்கே போய் நின்று கண்ணாடியைத் தட்டினான். அவள் இறக்கினாள். அழுதிருந்தாள்.

“மோசமில்ல” என்றான்.

“என்னது?”

“பாத்திரம் கழுவுற எடம். ஈரக் கையப் பாவாடைல தொடச்சுட்டு டெலிபோன எடுத்தியே. உங்கம்மா அப்படித்தான் எடுப்பா.” முகத்தில் மொய்த்த ஈயை விரட்டினான். “மோசமில்ல.”

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

“மத்ததெல்லாம்?”

“குப்பை. ஆஸ்பத்திரில அழுத எடம் பாக்கச் சகிக்கல.”

அவள் வண்டியை அணைத்தாள்.

“அழுத எடத்துக்கு என்ன கொறச்சல்?” என்று கதவை ஓங்கித் திறந்துகொண்டு சண்டைக்கு இறங்கினாள்.