கேட்டு வாங்கிய ஒப்பாரி

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நான் அங்கன்வாடி டீச்சர். புளியமரத்தில் பேய் இருக்கிறது என்று அழுதுகொண்டு வருகிற பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த மரத்தடியிலேயே உட்காரவைத்துச் சத்துமாவு உருண்டை தின்ன வைத்தவள். பேய், அருள், குறி, மந்திரித்த கயிறு, எதுவும் என்னிடம் செல்லாது. சாமிகூட வெள்ளிக்கிழமை விளக்கோடு சரி, அதையும் என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் கட்டி என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நிறுத்திவிட்டேன். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எங்களுக்கு ஊர் போலகம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் வயல், வயல் ஓரத்தில் பம்புசெட்டு. அவர் குரல் ஊரறிந்த குரல். வரப்பில் நின்று ஒரு ஆளைக் கூப்பிட்டால் மெயின் ரோட்டில் போகிற பஸ்காரன் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று பிரேக் போடுவான். அந்தத் தொண்டையை அறுத்துக் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், எடுத்தாலும் நாள் கொஞ்சம் நீளும் அவ்வளவுதான், அதற்குமேல் வாக்குக் கொடுக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் காதருகே வந்து ஒன்று கேட்டார் பாருங்கள், எந்தப் புருஷனும் பெண்டாட்டியிடம் கேட்காத ஒன்று.

"நான் செத்தா நீ என்ன பாடுவ?"

"வாயக் கழுவுங்க. பஸ்ஸுல பேசற பேச்சா இது?"

"இல்லடி, நெசமாத்தான் கேக்கறேன். ஊர்ல உள்ளவன் எல்லாம் கேப்பான், எனக்கு மட்டும் கேக்காது. என்ன நியாயம் இது? எனக்கு பேச்சு இருக்கறப்பவே பாடிக் காட்டிடு. தப்பு இருந்தா திருத்தறேன்."

உயிரோடு இருக்கிறவருக்கு ஒப்பாரி வைப்பது எங்கள் பக்கம் எவ்வளவு பெரிய அபசகுனம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ராகத்தைத் தூக்கத்தில் முனகினாலே எழுப்பித் திட்டுவார்கள். நான் முடியவே முடியாது என்றேன். அவர் சாப்பிடாமல் கிடந்தார். பிடிவாதத்தில் அவருக்கு நான் சளைத்தவள் இல்லை, ஆனாலும் அந்த உடம்போடு பட்டினி கிடக்கிற ஆளிடம் என்ன பிடிவாதம் பிடிப்பது. சரி போ என்று ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாரும் பாடுகிற மாதிரி, பொன்னு விளைஞ்ச பூமி, முத்துப் பதிச்ச தேரு என்று ஆரம்பித்தேன்.

"நிறுத்து நிறுத்து. யாரு வீட்டு தேரு? நம்மகிட்ட இருந்தது ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி. அதுவும் தள்ளி ஸ்டார்ட் பண்றது. பொய்யெல்லாம் வேணாம், நடந்தத பாடு."

எனக்கு வந்த ஆத்திரத்தில், நடந்ததைத்தானே கேட்கிறீர்கள் என்று வாய்க்கு வந்ததைப் போட்டேன். கல்யாணமான புதிதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் வைத்துக் கொடுத்த ரசத்தை.

*ரசம் வெக்கத் தெரியாம ராவெல்லாம் அடுப்பூதி*
*உப்பள்ளிப் போட்டீங்களே – என் சாமி*
*அந்த உப்பு இன்னும் நாக்குலதான்*

கேலியாக ஆரம்பித்ததுதான். மூன்றாவது வரியில் குரல் தானாக உடைந்து, நிஜ ஒப்பாரியாகவே போய்விட்டது. அவ்வளவுதான், பக்கத்து வீட்டு ஓரகத்தி மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவருகிறாள், அவள் பின்னால் தெருவே வருகிறது, ஒருவர் கையில் பாதி கட்டிய மாலை வேறு. கதவைத் திறந்தால் இவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னும் இல்ல அண்ணி, ஒத்திகைதான் நடக்குது. மாலைய தண்ணி தெளிச்சு வைங்க, வீணா போயிடப்போவுது."

ஓரகத்தி என்னைத்தான் திட்டினாள். கட்டின புருஷனை உயிரோடு பாடையேற்றுகிறாள், இவளெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள் என்று ஊரெல்லாம் பேச்சு. பேசட்டும் என்று விட்டேன். அதற்குள் எனக்கு அந்தப் பாட்டு பிடித்துக்கொண்டது.

ஆபரேஷனுக்குப் போகிற வரை தினம் ஒரு வரியாவது போட்டுக் காட்டினேன். அவர் திருத்துவார். முந்தின நாள் சொன்னார், "எல்லாம் நல்லாருக்கு. முடிப்பு மட்டும் நீ போடாத. அத நான் சொல்றேன், யோசிச்சு வெக்கறேன்." அப்புறம் அவர் குரல் போய்விட்டது. கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் மேல் ஈரத் துண்டு, மூக்கில் குழாய்.

அந்தக் குழாயில் கஞ்சி ஊற்றுவது ஒரு வித்தை. வேகமாக ஊற்றினால் புரையேறும், மெல்ல ஊற்றினால் ஆறி அடைத்துக்கொள்ளும். நர்ஸம்மா சொன்ன கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை. ஒரு நாள் பாட்டை முனகிக்கொண்டே ஊற்றினேன், ஒரு கண்ணி பாடி முடிக்கவும் ஒரு சிரிஞ்சு கஞ்சி இறங்கவும் சரியாக இருந்தது. அன்றிலிருந்து அதுதான் என் கடிகாரம். ஆனால் ஒரு வேளைக்குப் பல சிரிஞ்சு, பாட்டோ சின்னது. திரும்பத் திரும்ப அதையே பாடினால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். புதிதாகப் போட்டே ஆக வேண்டும்.

அதற்காகத்தான் பழையதையெல்லாம் தோண்ட ஆரம்பித்தேன். நான் முழுகாமல் இருந்தபோது அடுத்தவர் கொல்லை மதிலேறி மாங்காய் பறித்தது. என் அம்மா செத்தபோது வாசலில் நின்று என்னைவிட அதிகமாக அழுதது. அந்த மாங்காய்க்கு, அந்த அழுகைக்கு நான் ஒருநாள்கூட அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை என்பது பாடும்போதுதான் உறைத்தது. இவ்வளவு கொடுத்திருக்கிறார், நான் பாட்டுக்கு வாங்கி வாங்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நன்றி நன்றி என்று மனசு அடித்துக்கொண்டது. அவருக்கா, அவரை எனக்குக் கொடுத்த யாருக்கோவா, தெரியவில்லை. நிறுத்தி வைத்திருந்த விளக்கை ஒரு வெள்ளிக்கிழமை நானாகவே ஏற்றினேன். குணமாக்கு என்று கேட்கவில்லை, அதெல்லாம் ஆகாது என்று எனக்குத் தெரியும். பாட்டு முடிகிற வரை விட்டு வை, அவர் முடிப்பைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அதிகாரமாகவே சொன்னேன்.

"முடிப்பு எங்க?" என்று தினம் கேட்பேன். அவர் உதட்டை அசைத்தாலே எனக்குப் புரியும், ஆனால் அசைக்க மாட்டார். கையால் 'பொறு' என்று காட்டிச் சிரிப்பார்.

குறுவைக்கு நாற்று விட்டிருந்தோம். அவர் உடம்பு மோசமானபிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை, பார்க்கச் சொல்லியிருந்த ஆளும் வராமல் நின்றுவிட்டான். நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. அவர் கண்ணாலேயே கேட்பார், நான் "கிளி மாதிரி இருக்குதுங்க" என்று புளுகுவேன்.

ஒரு விடிகாலையில், முதல் சிரிஞ்சு கஞ்சி பாதி இறங்கும்போது, என் கைமேலேயே அடங்கிவிட்டார். முடிப்பைச் சொல்லவே இல்லை. எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது, ஏமாற்றிவிட்டாரே என்று.

வாசலில் பந்தல் போட்டார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து பொன்னு, முத்து, தேர் என்று ஆரம்பித்தார்கள். நிறுத்துங்கள் என்றேன். அவர் கேட்டு வாங்கிய பாட்டு இருக்கும்போது வேறு பாட்டு எதற்கு. ரசத்திலிருந்து நானே பாடினேன். பாடிப் பாடிக் கடைசிக்கு வந்தேன். அதற்கு மேல் இல்லை. நின்றுவிட்டேன்.

அப்போது பின்னாலிருந்து, கூட்டத்துக்கு வெளியே, ஒரு குரல் எடுத்தது. அதே ராகம்.

*அழுதது போதுமடி அடிவயலு காயுதடி*
*நாத்து கருகுதடி – என் சுள்ளி*
*நடந்து போயி மடையத் தொற*

திரும்பிப் பார்த்தால் அஞ்சலை அக்கா. கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவருகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் மகள் ஊருக்குப் போயிருந்தவர், அன்றைக்குத்தான் மறுபடி முதல்முதலாகக் கூடையோடு வருகிறார். என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆனதோ, குரல் போனதோ அக்காவுக்குத் தெரியாது. பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்ததால் பந்தலில் கிடப்பது யார் என்றும் தெரியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முகத்தைப் பார்த்தவர், கூடையைப் போட்டுவிட்டார்.

"அய்யய்யோ தம்பி! ஆத்தா, இப்பத்தானே பம்புசெட்டாண்ட நின்னு பேசிட்டு வரேன்! அவருதான் சொல்லி அனுப்பிச்சாரு. என் வீட்ல பாடிக்கிட்டிருப்பா, நடுவுல நின்னுடுவா, அப்ப இத எடுத்துக் குடுத்துடு அக்கான்னாரு. ரெண்டு தடவ பாடிக் காட்டுனாரே!"

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். வரப்பு வழியாக வந்தவர் காய்ந்த நாற்றைப் பார்த்திருப்பார், மீன்கார அக்காவுக்குப் பாட்டுக் கட்டத் தெரியாதா என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துப் பார்த்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் 'சுள்ளி'? கல்யாணமாகி வந்தபோது நான் விறகுக் குச்சி மாதிரி இருப்பேன், அதற்கு அவர் வைத்த பெயர். நாங்கள் தனியாக இருக்கும்போது தவிர கூப்பிட்டதில்லை. என் பிள்ளைகளுக்கே தெரியாது. அந்தப் பெயரை அத்தனை பேர் நடுவில் இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்டேன்.

ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனதும், தலை முழுகின ஈரத்தோடு மம்பட்டியை எடுத்தேன். ஓரகத்தி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அடியே, எழவு வீட்டு ஈரம் காயல, அதுக்குள்ள வயக்காட்டுக்கா? ஊரு காறித் துப்பும்டி."

"துப்பட்டும். இது அவரு சொன்ன வேலை. நீங்க வழிய விடுங்க."

போய் மோட்டாரைப் போட்டேன், மடையைத் திறந்தேன். தண்ணீர் பாய்ந்து வெடிப்பெல்லாம் அடைகிற வரை அங்கேயே நின்று, மிச்ச அழுகையை அழுது முடித்தேன். நாற்றில் பாதி கருகிப் போயிருந்தது, பாதி பிழைத்தது. பிழைத்ததை நட்டேன். அந்தப் போகம் முழுக்க நானே நின்று பார்த்தேன், இப்போதும் நான்தான் பார்க்கிறேன்.

காரியம் முடிந்த பிறகு அஞ்சலை அக்காவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"எந்தக் குரல்லக்கா பாடுனாரு?"

"இது என்ன கேள்வி தங்கச்சி? அவரு குரல்லதான். கணீர்னு."

"கழுத்துல துண்டு ஏதாவது போட்டிருந்தாரா?"

"ஒண்ணும் இல்லியே. நல்லாத்தானே நின்னாரு."

எனக்கு விளங்கவில்லை, விளங்கவைக்கவும் நான் முயலவில்லை. முடிப்பைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றேன், சொல்லியாகிவிட்டது. வாங்கியதற்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். வெள்ளிக்கிழமை விளக்கு இப்போது நிற்பதில்லை.

ஒன்றே ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. அஞ்சலை அக்கா இப்போதும் அதே வரப்பு வழியாகத்தான் வருகிறார். பம்புசெட்டருகே வந்ததும் "வரேன் தம்பி" என்பார். சொல்லிவிட்டு உடனே நகர மாட்டார். கூடையைத் தலையில் வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்பார், ஒருமுறை தலையை ஆட்டுவார், சிலநாள் சிரிக்கக்கூடச் செய்வார், அப்புறம்தான் நடப்பார். போன வாரம் மடையடியில் குனிந்து நின்றுகொண்டிருந்த நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"எதுக்குக்கா தினம் அங்க நிக்கிறீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பேசிக்கிட்டு இருக்கற ஆள பாதியில விட்டுட்டா வர முடியும்?"

நான் தினமும் அதே இடத்தில் மோட்டார் போடுகிறேன். போட்டதும் ஒரு நிமிடம் அணைத்துவிட்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு காதைக் கொடுத்துப் பார்க்கிறேன். எனக்கு இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.