பத்மாசினி மச்சாளும் காணாத கப்பலும்

வல்வெட்டித்துறைப் பத்மாசினி அடுப்படி வாசலில் மூக்கை நீட்டினால் போதும்; வங்காள விரிகுடாவின் காற்றெல்லாம் வரிசையில் நின்று பேரும் ஊரும் சொல்லிவிட்டுத்தான் அப்பால் போகும். கப்பலோட்டும் தண்டையல்மாரே அவளைக் கேட்டுத்தான் பாய் விரிப்பார்களாம். இப்படி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் அவள் புருஷனின் தம்பி தம்பிராசா. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். புளுகில் மட்டும் மேல்படிப்பு.

முப்பத்தாறாம் ஆண்டு ஆவணியில் அந்த மூக்கும் கைவிட்டது. நாகப்பட்டினத்துக்குக் கூரை ஓடு ஏற்றப் போன புருஷன் சோமசேகரத்தின் பாய்க்கப்பல் ஆறு நாள் பிந்திவிட்டது. கப்பல் கண்ணில் படும்வரை பச்சைத் தண்ணீர்தான் என்று சந்நிதி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் கிணற்றடியில் தலைசுற்றி, துலாக்கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். கேட்டால், "வெய்யில்" என்றாள்.

தம்பிராசாவுக்குப் பொறுக்கவில்லை. அன்று மத்தியானம் கடற்கரையிலிருந்து இரைக்க இரைக்க ஓடி வந்தான்.

"மச்சாள்! அண்ணையின்ரை கப்பல் தெரியுது! எழும்பிச் சாப்பிடுங்கோ!"

அவள் எழும்பவில்லை.

"எங்கை தெரியுது?"

"வானமும் கடலும் முட்டுற இடத்திலை."

"முதல் என்னத்தைக் கண்டனி?"

"கப்பலின்ரை உடம்பை. கறுப்பா, பெரிசா. பிறகுதான் மேலை பாய் தெரிஞ்சுது."

"உங்கடை பள்ளிக்கூடத்திலை பூமி தட்டையோ?"

தம்பிராசா தலையைச் சொறிந்தான். உருண்டை என்று பிரம்படி வாங்கிப் படித்தவன்தான்.

"பதினொரு வருசமா உந்தக் கரையிலை நிண்டு பாக்கிறன். பாய்மர உச்சிதான் முதல் தெரியும். உடம்பு கடைசியாத்தான் மேலை வரும். மேடேறி வாறவனுக்குத் தலைதானே முதல் தெரியும், மடையா? எனக்குப் பயமெண்டு நினைச்சுப் பொய் சொல்லிப் பேய்க்காட்ட வந்தனி."

"பயமில்லையோ மச்சாள்?"

அவள் வாசலுக்கு வெளியே கடற்பக்கம் பார்த்தாள்.

"சும்மா இருந்தால் மனம் அந்தக் கப்பலைக் கடலிலை தாட்டுக்கொண்டே இருக்குது. வயிறு காய்ஞ்சால் பசியைத்தான் நினைக்கும். அதுக்குத்தான் விரதம். இதை முருகனுக்குச் சொல்லிப்போடாதை."

தம்பிராசா சிரிக்கப் பார்த்தான்.

"அதுசரி, நீ என்னத்துக்குப் பட்டினி கிடக்கிறாய்?"

"ஆர், நானோ? நான் வயிறு முட்டச் சாப்பிட்டன்."

"மூண்டு நாளா உன்ரை சோறு பின்வளவு நாய்க்குப் போகுது. அது திண்டுபோட்டு வந்து என்ரை காலடியிலைதான் ஏவ்வெண்டு ஏவறை விடுகுது. நான் திண்டால்தான் நீயும் தின்னுவாய் போலை. போய்க் கையைக் கழுவு. ரெண்டு சோத்துக் கோப்பை எடு."