கருவிக்குக் கேட்காத வெடி

முள்ளியவளை ஜெயரூபி கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போய்ப் பல வருடங்களாகின்றன. இரும்பைக் கண்டால் கத்தும் கருவியோடு நிலத்தில் முழங்கால் ஊன்றி, அங்குலம் அங்குலமாகத் தேடுவாள்.

1942இல் திருகோணமலையில் யப்பானியர் குண்டு போட்டதும், பிரித்தானியர் தங்கள் ஆயுத ஆராய்ச்சியை மாங்குளத்துக்குக் கிழக்கே காட்டுக்குள் இரகசியமாகக் கொண்டுவந்தார்கள். உள்ளே என்ன செய்தார்கள் என்று ஊருக்குத் தெரியாது. யுத்தம் முடிந்ததும் கட்டடங்களை இடித்துவிட்டுப் போனார்கள். பிறகு வந்த போரும் அந்த நிலத்தின் மேலால்தான் போனது.

போன வருடம் அந்தக் காணியைத் துப்புரவாக்கிக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிவானது. ஒரு துண்டு ஜெயரூபியின் தங்கை மேனுகாவுக்கு. தகரக் கொட்டிலில் இருந்த மேனுகா, மழைக்கு முன் விதைத்துவிட வேண்டுமென்று விதைநெல்லும் எடுத்து வைத்துவிட்டாள்.

வேலை முடிகிற கிழமையில், பாலை மர வேர் ஒன்றை வெட்டி இழுத்த ஜெயரூபியின் கண்ணில் பச்சையாக ஏதோ மினுங்கியது. தடித்த கண்ணாடியில் செய்த வெடி. கருவியை மேலே பிடித்துப் பார்த்தாள். சத்தமே இல்லை. இரும்பு துளியும் இல்லாத வெடியைச் செய்யத்தான் அன்று பிரித்தானியர் அந்தக் காட்டுக்குள் இருந்திருக்கிறார்கள். ஆபத்து என்று காட்டும் சிவப்புத் தடியை நட்டுவிட்டு, வந்த வழியே பின்வாங்கினாள்.

மேற்பார்வையாளர் நிரஞ்சன், தப்பிக்கிடந்த ஒரேயொன்றாக இருக்கலாம், கையளிக்கும் திகதியும் குறித்தாயிற்று என்று இழுத்தார்.

"கருவி கத்தேல்லை எண்டதுக்காகக் காணியைக் குடுக்கேலாது சேர். கையாலதான் கிளற வேணும். நாங்கள் கிளறுறம்," என்றாள் ஜெயரூபி.

அவர் திகதியைத் தள்ளிவைக்கச் சொல்லித் தொலைபேசி எடுத்தார்.

அன்று பின்னேரமே மேனுகா வந்தாள். "நீங்கள் காணாத மாதிரி விட்டிருக்கலாம்தானே அக்கா?"

"நீ மண்வெட்டி போடப்போற இடத்தில எப்பிடி விடுவன்?"

மேனுகா எழும்பிப் போனாள்.

ஜெயரூபியும் அவளோடு வேலைசெய்யும் பெண்களும் வரிசையாக இருந்து சிறு வாரிகளால் மண்ணைச் சுரண்டினார்கள். கண்ணாடி வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவதை வெடிக்கவைத்து அழித்த நாளில் மேனுகா வீதியில் நின்றாள். அந்தச் சத்தத்தில் அவளுடைய காலடியில் நிலம் அதிர்ந்தது. மறுநாள் அக்காவுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தாள்.

மழை வந்து வேலை நின்றது. அந்தப் போகம் தவறியது. மீதி நிலமும் கிளறி முடிந்து, பங்குனியில்தான் காணி கையளிக்கப்பட்டது. கையளிப்பு விழாவில் பேச்சுகள் நடந்துகொண்டிருக்க, ஜெயரூபி செருப்பைக் கழற்றிவிட்டுத் தங்கையின் துண்டுக்குள் இறங்கி, மறு எல்லை வரை நடந்தாள். பின்னால் நடந்து வந்த மேனுகா, கிணற்றை எங்கே வெட்டலாம் என்று கேட்டாள்.

"விருப்பமான இடத்தில வெட்டு," என்றாள் ஜெயரூபி.