தலைவலி என்று எழுதிய சீட்டு

வகுப்பில் ஒரு கையின் படத்தைக் காட்டுவது என் வழக்கம். இடது கை. நான்கு விரல்களும் உள்ளங்கையை நோக்கி மடங்கி, தோல் பளபளவென்று இழுபட்டிருக்கும். கீழே ஒரே வரி: ‘மாத்திரையைத் தானாகவே நிறுத்திய நோயாளி.’ மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். “பார்த்தீங்களா? டாக்டர் பேச்சைக் கேட்கலைன்னா இதுதான் கதி” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். வலிப்பு நோயையும் தூக்கத்தையும் பற்றி முப்பது வருடம் பாடம் எடுத்தவன் நான். நல்ல வாத்தியார் என்று பெயர் வேறு. அந்தப் பெயரைத் தூக்கிக் குப்பையில்தான் போட வேண்டும்.

அந்தக் கை மயிலாப்பூரில் வயலின் வாசித்துக்கொண்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்த ஒரு பெண்ணுடையது. பதினான்கு வயதில், பள்ளியில் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும்போது வலிப்பு வந்து விழுந்தவளை என்னிடம் கூட்டி வந்தார்கள். தினமும் இரண்டு வேளை மாத்திரை கொடுத்தேன். அதற்கப்புறம் வலிப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கச்சேரிக்கு வெளியூர் போனால் மாத்திரை டப்பாவை வயலின் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்வாள். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. நம் பேச்சை இப்படிக் கேட்கிற நோயாளி கிடைக்க டாக்டர்தான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கல்யாணம் நிச்சயமானதும் அவளும் அம்மாவும் தி. நகரில் இருந்த என் கிளினிக்குக்கு வந்தார்கள். அன்று பதினோரு மணிக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் தூக்க ஆய்வுக்கூடத் திறப்பு விழா. ‘குறட்டை டாக்டர்’ என்று கூட இருப்பவர்கள் கேலி செய்ததையெல்லாம் தாங்கிக்கொண்டு, அந்த ஒரு அறைக்காக நாயாய் அலைந்திருந்தேன். எங்கே இருக்கிறீர்கள் என்று போன்மேல் போன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா குரலைத் தாழ்த்தினார். “டாக்டர், அடையாறுலேர்ந்து நல்ல இடமா வந்திருக்கு. சீட்டுல ஃபிட்ஸ்னு எழுதிடாதேள். அவாத்துல யார் கண்ணுலயாவது பட்டுடுத்துன்னா எல்லாம் போச்சு. தலைவலின்னு போட்டுத் தந்துடுங்கோ.”

இது புதிதல்ல. கல்யாண வயதில் பெண் வைத்திருக்கும் பாதிப் பேர் இதைக் கேட்பார்கள். நான் வேலை பார்த்த அரசு ஆஸ்பத்திரியில் யாராவது கேட்டால் கத்தித் தீர்த்துவிடுவேன். அங்கே மீன் விற்கிற ஒரு அம்மா வருவார். ஆற்றோரத்துக் குடிசையைக் காலி செய்து ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டதால் இரண்டு பஸ் மாறி வருவார். புருஷனுக்கு வலிப்பு. அந்த அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். “இன்னா சார் இதுல மறைக்கறதுக்கு கீது? நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தானே உழுந்தா ஓடியாந்து தூக்குவான்?” என்பார். அதை வகுப்பில் சொல்லிச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன் நான்.

ஆனால் அன்று கத்தவில்லை. ஏன்? அவசரம் ஒன்று. இன்னொன்று, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மரியாதையாக எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் எனக்குக் கோபம் வராது. இதை ஒப்புக்கொள்ளவே இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. மூன்றாவதாக என் சாமர்த்தியம். அதே மாத்திரையை ஒற்றைத் தலைவலிக்கும் கொடுப்பதுண்டு. ஆகவே அப்படி எழுதினால் எவனும் கேள்வி கேட்க முடியாது. பேனாவை எடுத்தேன்.

அதுவரை பேசாதிருந்த பெண் நிமிர்ந்தாள். “வேண்டாம் டாக்டர். நான் அவர்கிட்ட நேரா சொல்லிடறேன். இஷ்டமில்லேன்னா இப்பவே வேண்டாம்னுட்டுப் போகட்டும்.”

“நீ சும்மா இரும்மா. பெரியவங்க யோசிச்சுத்தான் செய்யறோம்” என்றேன். ‘தலைவலி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கூடவே ஒரு புத்திமதி: “முகூர்த்தம் விடியற்காலைன்னா முந்தின நாள் மத்தியானமே தூங்கிடணும். தூக்கம் கெட்டா வலிப்பு வரும்.” எவ்வளவு அக்கறை, பாருங்கள்! அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பெண் அந்தச் சீட்டை வாங்காமல் எழுந்து போனாள்; அம்மாதான் வாங்கிக்கொண்டார். நான் ரிப்பன் வெட்டப் போனேன்.

கல்யாணமாகி எட்டாவது மாதம், காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு வலிப்பு வந்தது. விழுந்தபோது இடது கை எரிகிற அடுப்பின்மேல் போயிருக்கிறது. சத்தம் கேட்டு வீட்டார் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தீக்காயப் பிரிவில் என்னைக் கூப்பிட்டார்கள். மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது என்று கேஸ் ஷீட்டில் இருந்தது. யார் நிறுத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை. கட்டுப் போட்டுப் படுத்திருந்தவளைப் பார்த்து, “படிச்ச பொண்ணு, இப்படியா பண்ணுவே?” என்று திட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏமாற்றிவிட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது, பாடத்துக்குத்தான், முகம் தெரியாது என்று சொல்லிக் கையைப் படம் எடுத்துக்கொண்டேன். சரி என்று தலையாட்டினாள். பிறகு வேறு டாக்டரிடம் போய்விட்டாள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, முன்னறிவிப்பில்லாமல் கிளினிக்குக்கு வந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள்.

“இப்பவும் வயலின் சொல்லித் தரேன் டாக்டர், வாயால பாடிக் காட்டிண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வர பொண்ணு உங்க காலேஜ்ல படிக்கறா. ‘டீச்சர், உங்க கையை எங்க கிளாஸ்ல பார்த்தேன்’னா. கீழே என்னமோ எழுதியிருக்கேளாமே?”

அவளே சொன்னாள்: “தானாகவே நிறுத்திய நோயாளி.”

“அப்படித்தானேம்மா ரிப்போர்ட்ல…”

“நானா நிறுத்தினேன்?” என்று கேட்டுவிட்டுப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். என் எழுத்து. “தலைவலியே வரதில்லையே, எதுக்கு தினம் மாத்திரைன்னு அவாத்துல கேட்டா. திருவான்மியூர்ல அவாளுக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போனா. அவர் இதைப் படிச்சுட்டு, ‘தலைவலி இல்லேன்னா நிறுத்திடலாம்’னார். அங்கேயே சொன்னேன், இது வலிப்புக்கு, நிறுத்தப்படாதுன்னு. அவர் சிரிச்சார், டாக்டர். ‘எவ்வளவு பெரிய நிபுணர், தலைவலின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார். அவரைவிட உனக்குத் தெரியுமோ?’ன்னார். என் புருஷனும் அதையேதான் சொன்னார். ஆத்துக்கு வந்து டப்பாவைப் பிடுங்கி வெச்சுண்டுட்டா.”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வாயில் வந்ததோ “அப்பவே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே” என்பதுதான். சீ!

அவள் கோபப்படவில்லை. “சும்மா இருன்னு சொன்னது நீங்கதானே?” என்று எழுந்தாள். “படத்தை எடுக்கச் சொல்ல வரலை. பசங்க பார்க்கட்டும். பக்கத்துல இந்தச் சீட்டையும் போடுங்கோ. அது போதும் எனக்கு.”

போட்டேன். என் கடைசி வகுப்பில், கையின் படத்துக்குப் பக்கத்தில் அந்தச் சீட்டு. பழைய வரியை அழித்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். பொய்யாக எழுதிய ஒரு வார்த்தை, அதை நம்பிய இன்னொரு டாக்டர், யாரும் நம்பாத ஒரு பெண். நான் பாடம் எடுத்ததிலேயே நல்ல பாடம் அதுதான்.

முன்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: “இப்படி எழுதின டாக்டர் யார் சார்?”

நோயாளியின் பெயர் தெரியாதபடி கறுப்புப் பட்டை போட்டு மறைப்பது எங்கள் வழக்கம். முந்தின நாள் சீட்டைத் தயார் செய்தபோது அவள் பெயர்மேல் ஒரு பட்டை போட்டேன். பிறகு மேலே அச்சடித்திருந்த என் பெயர்மேல் ஒன்று. கீழே கையெழுத்தின்மேல் ஒன்று.

“அடையாளத்தைச் சொல்லக்கூடாதுப்பா. அதுதானே விதி” என்றேன்.

அவன் சரி என்று உட்கார்ந்தான். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் நோட்டை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அவளுக்கு வயலின் வகுப்பு.